சித்த மருத்துவக் கல்லூரி: எதைப் பார்த்துத் தேர்வது?

நீட் தேர்வு முடிவுகள் வந்ததும் செம்பட்டி போன்ற சிற்றூர்களின் வீடுகளிலும் கலந்தாய்வுக் கணக்குகள் தொடங்கிவிடுகின்றன. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது, ஆயினும் எம்.பி.பி.எஸ். கைக்கு எட்டாதவர்களே மிகுதி. அவர்களில் பலர் சித்த மருத்துவத்தை நாடுகின்றனர். எந்தப் படிப்பு என்று ஆராயும் பெற்றோர், எந்தக் கல்லூரி என்று அதே அளவுக்கு ஆராய்வதில்லை.

பி.எஸ்.எம்.எஸ். படிப்பு, ஓராண்டுப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். தமிழகத்தில் பாளையங்கோட்டையிலும் (1964) சென்னை அரும்பாக்கத்திலும் (1985) அரசுக் கல்லூரிகள் உள்ளன. பெரும்பாலான பிற கல்லூரிகள் சுயநிதிக் கல்லூரிகளே. கட்டண வேறுபாடு பெரிது என்பதால் அரசு இடமே முதல் விருப்பமாக இருப்பது இயல்பு. அது கிடைக்காதபோதுதான் உண்மையான தேர்வு தொடங்குகிறது.

முதலாவது, அனுமதி. இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையம் அந்தக் கல்வியாண்டுக்கு அனுமதி அளித்துள்ளதா என்பதைச் சரிபார்க்க வேண்டும். ஆசிரியர், நோயாளர் எண்ணிக்கைக் குறைவால் கல்லூரிகளுக்கு அனுமதி மறுக்கப்பட்டதுண்டு.

இரண்டாவது, மருத்துவமனை. நாடி பார்த்தலும் வர்மமும் தொக்கணமும் ஏட்டால் வருவன அல்ல, கையால் பழகுவன. அமெரிக்காவில் 1892-இல் கிர்க்ஸ்வில் நகரில் தன் முதல் கல்லூரியைக் கண்ட ஆஸ்டியோபதியும் கைச்சிகிச்சையை மையமாகக் கொண்டதே. இன்று அங்கு அக்கல்லூரிகளில் சேர விரும்புவோர், பயிற்சிக் காலத்தில் எந்த மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுவோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்கின்றனர். நம் பெற்றோரும் வேலைநாள் ஒன்றில், காலை நேரத்தில் முன்னறிவிப்பின்றிச் சென்று, புறநோயாளர் பிரிவில் கூட்டம் உள்ளதா, உள்நோயாளர் படுக்கைகளில் நோயாளர் உள்ளனரா என்று பார்க்கலாம். விளம்பரப் படங்கள் சொல்லாததை அந்த ஒரு மணி நேரம் சொல்லிவிடும்.

மூன்றாவது, ஆசிரியர். குணபாடம், நோய்நாடல் போன்ற துறைகளில் நிரந்தரப் பேராசிரியர்கள் உள்ளனரா என்பதை இறுதியாண்டு மாணவர்களிடம் கேட்டறியலாம். 2020-ஆம் ஆண்டின் ஆணையச் சட்டம், மருத்துவராகப் பதிவு பெறத் தேசிய வெளியேறும் தேர்வை வகுத்துள்ளது. எனவே பல்கலைக்கழகத் தேர்ச்சியை மட்டும் நம்பிக் கல்லூரியைத் தேர்வது போதாது.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: எம்.பி.பி.எஸ். கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தது சித்த மருத்துவத்துக்குச் செல்லாது. இந்திய மருத்துவம், ஓமியோபதித் துறையின் தேர்வுக் குழுவுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இங்கும் உண்டு.

வீட்டுக்கு அருகில் உள்ளது என்பதும் தெரிந்தவர் சொன்னார் என்பதும் தேர்வுக்கான காரணங்கள் ஆகா. நோயாளர் வராத மருத்துவமனையில் ஐந்தரை ஆண்டுகளைக் கழிப்பவர் பட்டத்தோடு வெளியே வரலாம். மருத்துவராக வெளியே வருவது அரிது.