முயலுக்குப் படுக்கை: சிக்கனம் எது?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்தில் ஈரம் வீட்டினுள்ளும் குடிபுகுந்துவிடும். கஞ்சியிட்ட பாவு உலர மறுப்பதை நெசவாளர் அறிவர். வைக்கோல் பூசணம் பிடிப்பதை உழவர் அறிவர். அதே ஈரத்தால், பிள்ளைகள் ஆசையுடன் வளர்க்கும் முயல் படும் துன்பத்தை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

சென்ற ஆனி மாதம் தணிக்கையின் பொருட்டு ஒரு நெசவாளர் சங்கத்திற்குச் சென்றிருந்தேன். அங்கத்தினர் ஒருவரின் இல்லத்தில் மரப்பெட்டியொன்றில் முயல் இருந்தது. அதன் அடியில் தறியில் மிஞ்சிய கழிவு நூலைப் பரப்பியிருந்தனர். நூலிழை ஒன்று பின்காலில் இறுகச் சுற்றிப் பாதம் வீங்கியிருந்தது. கத்தரி கொண்டு வெட்டி விடுவித்தோம். “காசில்லாமல் கிடைக்கிறதே என்று போட்டோம், ஐயா” என்றார் அவர். காசில்லாமல் கிடைப்பதெல்லாம் சிக்கனம் ஆகாது என்பதை அன்று கண்கூடாகக் கண்டேன்.

பண்ணைகளில் முயல்களைப் பெரும்பாலும் கம்பிவலைக் கூண்டில் வளர்ப்பர். கழிவு கீழே விழுந்துவிடும். வீட்டு முயலோ தன் கழிவின் அருகிலேயே வாழ்கிறது. அதன் சிறுநீர் ஈரத்தில் தங்கிச் சிதையும்போது அம்மோனியா வாயு எழும். அவ்வாயு மூக்கையும் நுரையீரலையும் அரித்து, சளி நோய்க்கு வழிகோலும். நம் மூக்கிற்கு நெடி எட்டுமுன்னரே தரையோடு மூச்சுவிடும் முயலுக்கு அது எட்டிவிடுகிறது. ஈரத்திலேயே நிற்பதால் பாதங்களில் புண்ணும் உண்டாகும்.

விலக்க வேண்டியவை

கழிவு நூல் காலைச் சுற்றுவதோடு, முயல் அதனை விழுங்கினால் குடலையும் அடைக்கும். பூனைகளுக்கென்று கடையில் விற்கும் களிமண் துகள், நீர் பட்டதும் கட்டியாக இறுகுவது. வயிற்றினுள் சென்றாலும் அவ்வாறே இறுகும். பைன், தேவதாரு முதலிய மரங்களின் பதப்படுத்தாத சீவல், தன் மணப்பொருள்களால் கல்லீரலைத் தாக்கக்கூடும். மர அறுவை மில்லின் நுண்தூளும், சலிக்காத உமியும் மூச்சில் ஏறும்.

கொள்ளத் தக்கவை

அடியில் பழைய செய்தித்தாளை நான்கைந்து மடிப்பாக விரித்து, அதன்மேல் உலர்ந்த வைக்கோலை நான்கு விரற்கடை உயரம் பரப்புவதே நம் பகுதிக்கு ஏற்ற முறை. தாள் நீரை உறிஞ்சும். வைக்கோல் பாதத்தை ஈரத்தினின்று விலக்கிவைக்கும். தென்னை நார்க்கழிவு பன்மடங்கு நீரைக் கொள்ளுமாயினும் தூசுள்ளது. ஆதலின் சலித்து, வைக்கோலுக்கு அடியில் மட்டுமே இடுக.

வைக்கோலிலும் தேர்வு வேண்டும். மாசி, பங்குனியில் அறுவடையாகும் பிசான நெல்லின் வைக்கோல் நல்ல வெயிலில் காய்வது. அதனையே வாங்கிப் பரண்மேல் சேமித்தல் நலம். கார் நெல் அறுவடையோ மழைக்காலத்தை ஒட்டி வருவது. பூசண நாற்றமோ கரும்புள்ளியோ உள்ள வைக்கோல் முயலுக்கு நஞ்சு. அறுவடைக்குமுன் மருந்து தெளித்ததா என்பதையும் உழவரிடம் கேட்டறிக.

வழங்கும் முறை

முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் கழிக்கும். அம்மூலையைக் கண்டறிந்து, அங்கு மட்டும் ஒரு தட்டில் படுக்கையை அமைத்தால் பெட்டி முழுவதும் நிரப்ப வேண்டுவதில்லை. செலவு பெரிதும் குறையும். தட்டின் ஒரு புறத்தில் உலர்ந்த அறுகம்புல்லை வைத்தால், உண்டுகொண்டே கழிக்கும் இயல்பினால் முயல் அவ்விடத்தையே நாடும். நனைந்த பகுதியை நாள்தோறும் அகற்றுக. சாரல் காலத்தில் இருவேளையும் பார்க்க. தட்டில் படியும் வெண்மையான சுண்ணப் படிவு காடியால் துடைத்தால் நீங்கும்.

அகற்றிய வைக்கோலும் புழுக்கையும் குப்பையல்ல. தழைச்சத்து மிக்க எருவாகும். மட்கவைத்தால் கீரைப் பாத்திக்கும் தென்னைக்கும் உதவும். உழவர் தரும் வைக்கோல் நெசவாளர் வீட்டில் படுக்கையாகி, எருவாக வயலுக்கே திரும்புமாயின் இரு சாராருக்கும் லாபம். அண்டைவீட்டார் நால்வர் கூடி ஒரு வண்டி வைக்கோலைப் பங்கிட்டுக்கொண்டால் விலையும் தணியும். கூட்டுறவுக்கு இதனினும் சிறிய தொடக்கம் வேண்டுமோ?

நான் கண்ட முயலின் வீக்கம் வடிந்துவிட்டது. அடுத்த தணிக்கையின்போது அதன் பெட்டியில் பிசான வைக்கோல் இருந்தது.