வழித்துணையின் பெருமை உணர்த்தும் நாச்செஸ் பெருவழி

நெடுந்தொலைவு செல்வோர்க்கு உணவும் உறையுளும் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவையானது வழித்துணை. பாதயாத்திரை சென்று வந்த அடியார்கள் இதனை நன்கறிவர். கடல் கடந்த அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலும் இவ்வுண்மையை உணர்த்தும் பழம்பாதை ஒன்று உள்ளது. ‘நாச்செஸ் ட்ரேஸ்’ என்பது அதன் பெயர். இளமை தொட்டுப் பழகிய நண்பர்கள், ஐம்பது அறுபது வயதைக் கடந்தபின் ஒன்றுகூடி, மிதிவண்டியில் இப்பாதையை முழுவதும் கடந்து வருவது அங்கே புதுமையன்று.

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்கு அருகில் தொடங்கும் இவ்வழி, அலபாமாவின் ஒரு மூலையைத் தொட்டு, மிசிசிப்பி மாநிலத்தின் நாச்செஸ் நகரில் முடிவடைகிறது. இதன் நீளம் 444 மைல், அதாவது ஏறத்தாழ 715 கிலோமீட்டர். நமது வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைவிடச் சற்றே குறைவு எனலாம். 1938ஆம் ஆண்டில் தேசியப் பூங்காத் துறையின்கீழ் வந்த இச்சாலையின் பணிகள் 2005ஆம் ஆண்டில்தான் நிறைவுற்றன. சரக்கு லாரிகளுக்கு இங்கு அனுமதியில்லை. விளம்பரப் பலகைகளோ, பெட்ரோல் நிலையங்களோ இல்லை. இருமருங்கிலும் காடும் கழனியுமே காட்சி தருகின்றன. சாலையின் வடமுனை அமைந்த நாஷ்வில் நகரிலேயே விநாயகப் பெருமானுக்கும் ஓர் ஆலயம் எழுந்துள்ளமை நம்மவர்க்கு மகிழ்வூட்டும் செய்தியாகும்.

கூட்டமாய் நடந்தவர்கள்

இவ்வழியை முதலில் சமைத்தவர்கள் சிக்கசா, சோக்டா முதலிய பூர்வகுடி மக்கள். பின்னர், 1800ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், ஒகையோ ஆற்றுப் பகுதி மக்கள் தம் விளைபொருள்களைத் தெப்பங்களில் ஏற்றி, மிசிசிப்பி ஆற்றின் வழியே தெற்கே கொண்டு சென்று விற்றனர். நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்ப இயலாமையால், தெப்பங்களையும் மரவிலைக்கு விற்றுவிட்டு இப்பாதையில் நடந்தே ஊர் திரும்பினர். கையில் காசு, வழியில் கள்வர். ஆகவே அவர்கள் கூட்டமாகவே நடந்தனர். நீராவிக் கப்பல்கள் வந்தபின் அந்நடைப்பயணம் மறைந்தது.

கடைசியில் வருபவர்

இன்று கள்வர் பயம் இல்லை. ஆயினும் துணையின் தேவை குறைந்துவிடவில்லை. நாளொன்றுக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் சென்றால் எட்டு நாளில் பயணம் முடியும். கணக்கு எளிது, முழங்கால் அதற்கு இசைய வேண்டுமே! டென்னசிப் பகுதியின் ஏற்றங்களில் முதல் நாளிலேயே ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார். இளமையில் முன்னோடியாய்த் திகழ்ந்தவரே இப்போது பின்தங்க நேரலாம். “என்னை விட்டுவிட்டுச் செல்லுங்கள்” என்று அவர் சொல்லும் தருணமே நட்பின் உரைகல்.

இச்சாலை இருவழிச் சாலை. மிதிவண்டிக்கெனத் தனித்தடம் கிடையாது. விரைந்து வரும் கார்கள் பின்புறமிருந்தே நெருங்குகின்றன. கார் ஓட்டுநரின் கண்ணில் முதலில் பட வேண்டியவர் வரிசையின் கடைசியில் வருபவரே. களைத்துத் தள்ளாடும் நண்பரை அவ்விடத்தில் தனியே விடுவது அன்புக்குறைவு மட்டுமன்று, ஆபத்துமாகும். எனவே விவரமறிந்தோர் வலிமை மிக்க ஒருவரைக் கடைசியில் நிறுத்தி, பளிச்சிடும் உடையும் சிவப்பு விளக்கும் அணிவித்து, மெல்லச் செல்பவரின் வேகத்தையே அனைவரின் வேகமாகக் கொள்வர். ஒரு நாள் கூடினாலும் குறைவில்லை என்பது அவர்தம் துணிவு.

வழியில் காணும் பாடம்

டென்னசி ஆற்றுக்கு அருகே, அலபாமாவில் ஒரு நீண்ட கற்சுவர் உள்ளது. யூச்சி இனத்தைச் சேர்ந்த டெலானே என்னும் பெண், 1830களில் தம் மண்ணிலிருந்து மேற்கே வெகுதொலைவுக்கு அகற்றப்பட்டார். பிறந்த ஆற்றங்கரையை மறவாத அவர், ஐந்தாண்டுகள் நடந்து திரும்பினார் என்பது அக்குடும்பத்தார் போற்றும் வரலாறு. அவருடைய ஒவ்வோர் அடிக்கும் ஒரு கல் என, வழித்தோன்றலான டாம் ஹென்ட்ரிக்ஸ் முப்பதாண்டுக்கு மேலாகத் தம் கைகளாலேயே இச்சுவரை எழுப்பினார். 2017ஆம் ஆண்டில் அவர் மறைந்தார், சுவர் நிலைத்திருக்கிறது.

தெற்கே ராக்கி ஸ்பிரிங்ஸ் என்னும் ஊர் இருந்தது. 1860ஆம் ஆண்டில் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் 2,616 பேர் வாழ்ந்தனர். உள்நாட்டுப் போர், 1878ஆம் ஆண்டின் மஞ்சள் காய்ச்சல், பருத்தியைத் தாக்கிய வண்டு, மண்ணரிப்பு ஆகியவை ஊரை அழித்தன. 1837ஆம் ஆண்டில் கட்டப்பட்ட தேவாலயமும் கல்லறைகளுமே எஞ்சின. வாணிபமும் செல்வமும் அகன்றபின்னும் வழிபாட்டிடம் நிற்பது சிந்திக்கத்தக்கது.

பயணம் முடியும் நாச்செஸ் நகரிலோ, அடிமைச் சந்தை நடந்த இடம் உள்ளது. உற்றாரிடமிருந்து பிரிக்கப்பட்டு, சங்கிலியால் பிணைக்கப்பட்ட கறுப்பின மக்கள் இவ்வழியாகவும் நடத்திச் செல்லப்பட்டனர். விரும்பியவரோடு, விரும்பிய வழியில் செல்லுதல் எத்துணைப் பெரும் பேறு என்பதை அவ்விடம் உணர்த்துகிறது.

மிசிசிப்பி ஆற்றின் மேட்டுக்கரையில் மிதிவண்டிகளைச் சாய்த்துவிட்டு நண்பர்கள் தலைகளை எண்ணிப் பார்க்கின்றனர். புறப்பட்டவர் அனைவரும் வந்து சேர்ந்திருப்பின், அதுவே பயணத்தின் பயன். மூத்தோரையும் முடியாதோரையும் உடன் அழைத்துச் செல்லும் அடியார் கூட்டத்திற்கு இது புதிய செய்தியன்று. எனினும் நினைவிற்கொள்ளத்தக்க செய்தியாகும்.