ஏழைப் பிள்ளைகளுக்கும் எட்டட்டும் பண்புநெறி முகாம்

பள்ளி விடுமுறையில் நம் ஆலயங்களும் சமய இயக்கங்களும் நடத்தும் பண்புநெறி முகாம்கள் போற்றுதற்குரியன. தேவாரம் ஓதுதல், யோகாசனம், பெரியோரை வணங்குதல் ஆகியவற்றைப் பிள்ளைகள் அங்கே கற்கின்றனர். ஆயினும், தோட்டங்களை விட்டு மலிவுவிலை அடுக்குமாடிகளில் குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு அவ்வாய்ப்பு எட்டுவதில்லை.

முகாம் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தல் மட்டும் போதாது. பேருந்துச் செலவும் மாற்றுடையும் போர்வையும்கூடத் தடையாகின்றன. பெயர்ப்பட்டியலில் ‘இலவசம்’ எனக் குறிக்கப்படும் பிள்ளை நாணித் தலைகுனியும். ஆதலின், அவ்வுதவி ஆலயத்தாரும் பெற்றோரும் மட்டுமே அறிந்ததாக இருத்தல் வேண்டும்.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்துற்றபோது, இறைவன் அருளிய படிக்காசைக் கொண்டு அப்பரும் சம்பந்தரும் அடியார்க்கு அமுதளித்தனர் என்கிறது பெரியபுராணம். திருவிழா உபயகாரர்கள் அன்னதானத்தோடு ஒரு பிள்ளையின் முகாம் செலவையும் மனமுவந்து ஏற்பார்களாக!