பூட்டானுக்கு ஆதார் போதாது!

கொல்கத்தா வழியாக முதல் வெளிநாட்டுப் பயணம் கிளம்புகிறவர்களுக்கு

துர்கா பூஜை விடுமுறை வந்துவிட்டால் கொல்கத்தாவில் பாதிப் பேர் மூட்டை கட்டிவிடுவார்கள். சியால்தா ஸ்டேஷனில் காஞ்சன் கன்யா எக்ஸ்பிரஸ் நிற்கும் பிளாட்பாரத்தைப் பார்த்தால் தெரியும்: டிபன் கேரியர், பிளாஸ்க், மருந்துப் பை, அக்டோபர் புழுக்கத்திலும் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு மங்கி கேப். வங்காளிகளின் பயண ஏற்பாட்டைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. ஆனால், மலையில் ஏறிய பிறகு "ஸ்வெட்டர் எடுத்து வரலையே" என்று நடுங்குகிறவர்களில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

அந்த ரயிலில் போகும் சிலருக்கு இலக்கு பூட்டான். தமிழ்நாட்டிலிருந்து கொல்கத்தா வந்து, இதே வழியில் போகிறவர்களும் உண்டு. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, நுழைவு பர்மிட் போதும். நம் ரூபாயும் அங்கே செல்லும். இந்த இரண்டையும் கேட்டதும் கொடைக்கானல் போவதுபோலக் கிளம்பிவிடுகிறார்கள் பலர். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. விசா இல்லாவிட்டாலும் அது வேறு நாடு. எல்லையில் சட்டம் மாறுகிறது.

எந்த அட்டை?

மேற்கு வங்கத்தின் கடைசி ஊர் ஜெய்கான். ஹாரன் சத்தம், சரக்கு லாரி, நடைபாதைக் கடைகள் என்று நம் ஊர்ச் சந்தடி அத்தனையும் அங்கே உண்டு. டிராகன் செதுக்கிய வாசலுக்கு அந்தப் பக்கம் புன்ட்ஷோலிங். அங்கே ஹாரன் சத்தமே அநேகமாகக் கேட்காது. குடிநுழைவு கவுன்ட்டரில் ஆதாரை நீட்டினால் வேலைக்கு ஆகாது. குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். இல்லையென்றால் வாக்காளர் அடையாள அட்டை. பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட் இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் உள்ள பிறப்புச் சான்றிதழ், கூடவே பெரியவர் ஒருவர்.

தமிழர்களுக்கு இதில் ஒரு தனித் தலைவலி இருக்கிறது: இனிஷியல். வாக்காளர் அட்டையில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து வேறு மாதிரி, பிள்ளையின் சான்றிதழில் இன்னொரு மாதிரி. 'சண்முகம்' என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்பது நமக்குத் தெரியும். அங்குள்ள அதிகாரிக்குத் தெரியாது. எந்த ஆவணத்தைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ள எழுத்துப்படியே விமான டிக்கெட், பர்மிட் விண்ணப்பம், ஹோட்டல் பதிவு எல்லாம் இருக்கட்டும். திருத்தம் தேவையென்றால் ஊரிலேயே முடித்துவிடுங்கள். அசலோடு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் படம் இரண்டும் தனிப் பையில் இருக்கட்டும்.

பர்மிட்டுக்கு முன்கூட்டியே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். விமானத்தில் போனால் பாரோவிலும், தரைவழியென்றால் புன்ட்ஷோலிங்கிலும் நேரில் வாங்கலாம். கூட்டமான சீசனில் ஆன்லைனே நல்லது.

எவ்வளவு பணம்?

பட்ஜெட் போடுகிறவர்கள் கோட்டைவிடும் இனம் ஒன்று உண்டு: நிலைத்த வளர்ச்சிக் கட்டணம். கோவிட் காலத்தில் மூடிய எல்லையை 2022 செப்டம்பர் 23 அன்று பூட்டான் திறந்ததிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. இந்தியர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். 6 முதல் 12 வயது வரை பாதி. ஆறுக்குக் கீழே இலவசம். கணவன், மனைவி, எட்டு வயதுப் பிள்ளை ஐந்து இரவு தங்கினால் 15,000 ரூபாய் இதற்கே போய்விடும். ஹோட்டல், கார், சாப்பாடு எல்லாம் இதற்கு மேல்தான். திம்பு, பாரோவைத் தாண்டி வேறு ஊர்களுக்குப் போக கைடு வேண்டும் என்ற விதியும் 2022-லேயே வந்தது. அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டான் பணமான நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒன்றுக்கு ஒன்று. 2021 ஜூலையில் பீம் யூபிஐ அங்கே அறிமுகமானது. ஆனாலும் மலைப்பாதைக் கடைகளில் போனை நம்பி நிற்க வேண்டாம். கொல்கத்தாவிலேயே 100 ரூபாய்க் கட்டு ஒன்று மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய நுல்ட்ரத்தை எல்லையிலேயே ரூபாயாக்கிவிடுவது புத்திசாலித்தனம். ஜெய்கானில் அது ஓடும். கொல்கத்தாவில் காபிக்குக்கூட உதவாது.

எந்த வழி?

சென்னையிலிருந்து வரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நிற்பது ஷாலிமாரில். சென்னை மெயில் ஹவுராவில். வடக்கே போகும் காஞ்சன் கன்யா கிளம்புவதோ சியால்தாவில், அதுவும் ஹூக்ளியின் மறுகரையில். நெரிசலைக் கணக்கில் வைத்து நடுவே ஒருநாள் விட்டால் நிம்மதி. லேக் மார்க்கெட் பக்கம் போனால் இட்லியும் ஃபில்டர் காபியும் கிடைக்கும். அடுத்து அவை எப்போது கிடைக்குமோ!

இரவில் கிளம்பும் ரயில் மறுநாள் முற்பகலில் ஜெய்கானுக்குப் பக்கத்து ஸ்டேஷனான ஹாசிமாரா சேரும். சிலிகுரிக்கு அப்பால் தீஸ்தா ஆறு, தேயிலைத் தோட்டங்கள், டூயர்ஸ் காடு என்று ஜன்னல் சீட்டுக்குக் கொடுத்த காசு வசூலாகிவிடும். முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. பூஜைக் காலத்தில் அன்று காலையே உட்கார்ந்தால்தான் டிக்கெட். கொல்கத்தாவிலிருந்து பாரோவுக்கு விமானமும் உண்டு.

புன்ட்ஷோலிங்கிலிருந்து திம்பு வரை சுமார் 150 கிலோமீட்டர், முழுக்க வளைவு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் மண்சரிவும் இந்தச் சாலையை மறிக்கும். மார்ச்-மே, அக்டோபர்-நவம்பர் நல்ல காலம். அங்கே கடிகாரம் நமக்கு அரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

எவ்வளவு உயரம்?

திம்பு ஏறக்குறைய நம் ஊட்டி உயரம். பாரோவின் தக்சாங் மடாலயமோ சுமார் 3,120 மீட்டர். தொட்டபெட்டாவைவிட 480 மீட்டருக்கு மேல் அதிகம். அதையும் நடந்தே ஏற வேண்டும். முதல் நாளே அதை வைக்காமல், கடைசிக்குத் தள்ளுங்கள். முட்டிவலி, மூச்சுத்திணறல், ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மாத்திரைகளை அட்டையோடும், மருத்துவர் சீட்டோடும் கொண்டுபோங்கள். சில வலி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் அங்கே கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளவை. ஸ்வெட்டருக்குச் சென்னையில் அலைய வேண்டாம். குளிர்காலமானால் கொல்கத்தா வெலிங்டன் பகுதியில் கம்பளித் துணிச் சந்தையே கூடும்.

என்ன மரியாதை?

கோயிலை இடமிருந்து வலமாகச் சுற்றுவது நமக்குப் புதிதல்ல. மடாலயங்களிலும் ஜோங் எனப்படும் கோட்டைகளிலும் முழுக்கைச் சட்டை, முழுநீள உடை வேண்டும், தொப்பி கூடாது, சன்னதிக்குள் படம் எடுக்கக் கூடாது. 2019 அக்டோபரில் டோச்சுலா கணவாயில் ஓர் இந்தியப் பயணி ஸ்தூபியின் மேல் ஏறி நின்று போட்டோவுக்கு போஸ் கொடுத்தார். படம் பரவியது, பாஸ்போர்ட் போலீசிடம் போனது, மன்னிப்புக் கடிதத்துக்குப் பிறகே திரும்பக் கிடைத்தது.

பூட்டானை ஒழுங்காக முடித்தவருக்கு அடுத்து பாங்காக் பெரிய மலையல்ல. கொல்கத்தாவிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டரை மணி நேரம். அங்கே பாஸ்போர்ட் கட்டாயம். 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் அரசுடையது அல்ல.

எந்த நாடானாலும் விதியும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும். டிக்கெட் எடுக்கும் முன் அந்த நாட்டு அரசின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். "எங்க மாமா பையன் போன வருஷம் ஆதாரோட போயிட்டு வந்தானே" என்ற வாதம் எந்த கவுன்ட்டரிலும் எடுபடாது.