இரவிகுளத்தில் குழந்தைகளுடன்

மூணாற்றை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவிற்குச் சிறு குழந்தைகளோடு செல்வோர் மலையேறிக் களைப்படைய வேண்டியதில்லை. வனத்துறைப் பேருந்து ராஜமலை வரை ஏற்றிச் செல்கிறது. பிறகு சாலையில் சிறிது தூர நடையே. 2,695 மீட்டர் உயர ஆனைமுடிச் சிகரம் இப்பூங்காவில்தான் உள்ளது. மூடுபனி திடீரெனச் சூழும்; கம்பளிச் சட்டையை மறவாதீர்கள்.

வரையாடுகள் சாலையோரம் அச்சமின்றி மேய்வதுண்டு. பிள்ளைகள் தின்பண்டத்தை நீட்ட ஓடுவார்கள், தடுத்துவிடுங்கள். மனிதர் தரும் தீனி அவற்றுக்குக் கேடு.

அவை குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்கா வழக்கமாக மூடப்படுகிறது. தாயையும் குட்டியையும் தொல்லைப்படுத்தாதிருக்கவே இந்த ஏற்பாடு என்று பிள்ளைகளுக்கு விளக்குங்கள். பிறர் இல்லத்தினுள் அனுமதி பெற்றே நுழையப் பழகிய பிள்ளைக்கு இது எளிதில் புரியும்.