தறிக்குடோன் டீயும் எலும்பும்

கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்தில் விசைத்தறி ஓட்டுபவர்களுக்கு டீதான் தூக்கத்தை விரட்டும் துணை. ஒரு ஷிப்டில் ஐந்தாறு கிளாஸ் சாதாரணம். "இத்தனை டீ குடிச்சா எலும்பு தேஞ்சு போயிருமுங்களா?" என்று பெண்கள் பயத்தோடு கேட்கிறார்கள். டீ எலும்பைக் கரைத்துவிடாது. டீ குடித்துப் பசியை அடக்கி, காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறோமே, கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

கிளாசில் இருக்கும் கணக்கு

காஃபின் சிறுநீர் வழியே கால்சியத்தைக் கொஞ்சம் வெளியேற்றும். ஒரு கிளாசுக்குச் சில மில்லிகிராம்தான். ஊற்றுகிற பாலே அதை ஈடுகட்டும். பெரியவர்களுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாக அடர்த்தி இழப்பதால் பெண்களுக்குத் தேவை இன்னும் கூடும். 40 மில்லி பால் சேர்ந்த டீயில் கிடைப்பது ஏறக்குறைய 50 மில்லிகிராம். ஐந்து கிளாஸ் குடித்தாலும் கால் பங்குதான் தேறும். மீதி சாப்பாட்டில் இருந்து வந்தாக வேண்டும்.

சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம் என்று அதே நிறுவனம் 2024-இல் சொன்னது. இரும்புச்சத்து உடலில் சேரத் தடையாகும் என்பதே காரணம். ரத்தசோகை உள்ள பெண்கள் இதை விடாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

கறுப்புக் கோலா

நோம்பி விருந்தில் ஒரு டம்ளர் குடிப்பதால் ஒன்றும் ஆகாது. தினமும் குடிப்பதுதான் தவறு. அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஆய்வு (2006), தினமும் கோலா குடித்த பெண்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி குறைவாக இருந்ததைக் கண்டது. மற்ற சோடாக்களில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. கோலாவில் உள்ள பாஸ்பாரிக் அமிலம், காஃபின் இரண்டின் மேலும் சந்தேகம் உண்டு, காரணம் உறுதியாகவில்லை.

மோரும் ராகிக் கூழும்

வெண்ணெய் எடுத்த மோரில் என்ன சத்து என்று கேட்பவர்கள் உண்டு. வெண்ணெயோடு போவது கொழுப்பு. கால்சியம் மோரிலேயே தங்கும். பதினோரு மணி டீக்குப் பதிலாகத் தறிக்குடோனில் கெட்டி மோர் கொடுக்கலாமே!

100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. முளைகட்டி அரைத்தாலும், மாவை இரவே கரைத்துப் புளிக்கவிட்டாலும் அது உடலில் நன்றாகச் சேரும். கம்மங்கூழ் நல்ல உணவுதான். ஆனால் கால்சியத்துக்குக் கம்பை நம்பக் கூடாது, ராகியில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் அதில் உண்டு.

போர் தண்ணீர்

எலும்பை நிஜமாகவே முடக்கிய பானம் தண்ணீர்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பல்லில் பழுப்புக் கறையாகத் தொடங்கி, முதுகையும் மூட்டையும் விறைக்க வைத்தது. அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. நாக்கில் ருசி தெரியாது. காய்ச்சினாலும் போகாது, நீர் சுண்டச் சுண்டக் கூடவே செய்யும். போர் தண்ணீரையே குடித்துச் சமைக்கும் வீட்டார், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.