தாத்தா டிராக்டருக்கு ரீ-என்ட்ரி கொடுக்கப் போறீங்களா? முதல்ல பின்னாடி பாருங்க!

பட்டாபிராம் தாண்டி திருவள்ளூர் பக்கம் பைக்கை விட்டா, ஏதாவது ஒரு கொட்டகையில் துருப்பிடிச்ச மாசி பெர்குசன் 1035 கண்ணில் படலாம். அது நம்ம ஊரு வண்டி பாஸ்! 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனியோட தயாரிப்பு. உள்ளே இருப்பதும் செம்பியம் சிம்சன் இன்ஜின்தான்.

இதை மீட்டெடுக்க ஆசையா? பெயின்ட் கடைக்கு அப்புறம் போகலாம். முதலில் பின்பக்கம் இருக்கும் மூன்று இணைப்புகளைப் பாருங்க. கீழே இரண்டு கைகள், மேலே ஒரு 'டாப் லிங்க்'. ஹாரி பெர்குசன் கொண்டுவந்த ஐடியா இது. கலப்பை கெட்டி மண்ணில் மாட்டும்போது டாப் லிங்க் முன்னோக்கித் தள்ளப்பட்டு ஒரு ஸ்பிரிங்கை அமுக்கும். உடனே ஹைட்ராலிக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கிவிடும். முன்சக்கரமும் தரையை விட்டு எழும்பாது. இதே ஹைட்ராலிக் கொண்ட பெர்குசன் டிராக்டர்களில்தான், சக்கரத்துக்கு மேல் டிராக் மாட்டி, 1958-ல் எட்மண்ட் ஹிலாரி தென் துருவத்துக்கே போனார். மாடிஃபிகேஷன்னா அது!

ஆனா இந்த இணைப்பைக் கழற்றிட்டு, பின் ஆக்ஸிலுக்கு மேலே சங்கிலி கட்டி மரத்தின் வேரை இழுக்குற வேலை மட்டும் வேண்டாம். முன்பக்கம் எழும்பி வண்டி அப்படியே பின்னால் கவிழ்ந்து, ஓட்டுறவர் மேலேயே விழும். குதிக்க நேரமே இருக்காது. எதை இழுத்தாலும் ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும் டிராபாரில்தான் கட்டணும்.

எல்இடி லைட், குஷன் சீட் எல்லாம் உங்க இஷ்டம். என் ஓட்டு, முதல் செலவு ரோல் பாருக்கும் சீட் பெல்ட்டுக்கும்தான். இன்ஜினையே மாத்துறதா இருந்தா, ஆர்டிஓ அனுமதி அவசியம்.

வாங்கும்போது ஒரு டெஸ்ட்: கலப்பையைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. சட்டுன்னு கீழே இறங்கினா ஹைட்ராலிக்ல கசிவு இருக்கு, விலையைக் குறைச்சுப் பேசுங்க. அப்போ கலப்பைக்கு அடியில் யாரும் நிற்காதீங்க!